பொங்கல் இல்லாத வீட்டுக்கும் லீவு வேண்டும்

போகி, இரவு.

பாப்பு, தூக்கமே வரவில்லை. நாளைக்குப் பொங்கலன்றும் எனக்கு வேலைடி.

திண்டிவனம் பைபாஸ் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்தார். "யக்கா, பொண்ணு தவறின வூடு. இந்த வருசம் உங்களுக்குப் பொங்கல் கிடையாதே. சும்மா குந்திக்கினு என்னா பண்ணப் போறீங்க? வந்துடுங்க. செல்விக்குப் புள்ளைங்க கீதுங்க, அது லீவு எடுத்துக்கட்டும்."

கூட வேலை செய்யும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த பொங்கலுக்கு நான் வந்துட்றேன் யக்கா" என்றாள். அவள் மேல் கோபமில்லை. ரோட்டில் போகிறவர்களுக்கும் சோறு வேண்டும், யாராவது வேலை செய்துதான் ஆகணும். ஆனால் பொங்கல் வைக்காதவளுக்கு லீவு எதற்கு என்று எப்படிச் சொல்லலாம்? அப்போது சரியென்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பானை வைக்க மாட்டேன், சரி. நாளைக்குப் பொழுது சாய உன் படத்துக்கு முன்னால் புதுப் பாவாடையும் வேர்க்கடலை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையும் படைத்து, விளக்கேற்றி உட்கார்ந்திருக்கலாம் என்று இருந்தேன். அந்த நேரம் எச்சில் தட்டு கழுவிக்கொண்டிருப்பேன். படையலைத் தேடி நீ வந்தால் வீடு பூட்டியிருக்குமே. வாசலிலேயே நிற்பாயா, வழி கேட்டு ஓட்டலுக்கு வருவாயாடி?