விளக்கு இல்லாத கார்பைன்

ஜனவரி 9, செவ்வாய்

அன்புள்ள ரோண்டாவுக்கு,

நீயும் என் பேத்தி பிரிட்டாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன். முழங்கால்தான் குளிருக்கு முனகுகிறது. நாலு நாளாகப் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. கார் தினமும் காலையில் இருமி இருமித்தான் கிளம்புகிறது. கடைக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். தீவன மூட்டை தூக்க இப்போதெல்லாம் என்னை விடுவதில்லை, துப்பாக்கிப் பகுதியில் முக்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உறையில் தபால் பெட்டி எண் மட்டும் போட்டிருந்தாய். அப்படியே இருக்கட்டும். எந்த ஊர், எந்தச் சாலை என்று எனக்கு எப்போதும் எழுதாதே. தெரிந்துவிட்டால், என் பிள்ளை கர்ட் வெளியே வந்து கேட்கும்போது நான் வாயால் மறைத்தாலும் முகம் சொல்லிவிடும். என் முகத்தைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. சீட்டாட்டத்தில் ஒரு நாளாவது நான் ஜெயித்துப் பார்த்திருக்கிறாயா?

கோழிக் கூண்டுப் பக்கம் நரி வருகிறது, எளிமையாக, எல்லாவற்றுக்கும் உதவுகிற மாதிரி குட்டைக் குழல் துப்பாக்கியாக ஒரே ஒரு கார்பைன் போதும், என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கர்ட்டுக்கு மார்ச் நாலாம் தேதி பரோல் என்று உனக்கும் தாக்கீது வந்திருக்கும். நீ நரி என்று எழுதியிருக்கிறாய், நானும் நரி என்றே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் கடையில் துப்பாக்கிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். குழல் பதினாறு அங்குலம் போதும். அதற்கு மேல் நீளமானால் சமையலறைக் கதவில் திரும்பும்போது இடிக்கும். தோளில் வைக்கும் கட்டை நீட்டிக் குறைக்கிற மாதிரி இருக்கட்டும். கனமான கோட்டோடு ஒருமுறை, வீட்டு உடுப்போடு ஒருமுறை தோளில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். பெரிய தோட்டா வேண்டாம். மான் வேட்டைக்காரர்கள் சின்னதைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்கள் தோள் எலும்பை யாரும் உடைத்ததில்லை. சுடும்போது தோளை உதைக்காத துப்பாக்கிதான் உனக்குச் சரி. அந்த எலும்பு கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன், மறக்கவில்லை.

குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று. அதை அணைக்கவே அணைக்காதே, பேட்டரியை வருடா வருடம் பிரிட்டாவின் பிறந்த நாளன்று மாற்று. அப்புறம் ஒரு தோள்வார். தோள்வாரை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கையால் குழந்தையைத் தூக்கவேண்டி வந்தால் துப்பாக்கியை எங்கே போடுவாய்? அதற்குத்தான் வார். அவ்வளவுதான், வேறொன்றும் மாட்டாதே. கடையில் பையன்கள் கைப்பிடி, முட்டுக் கால், லேசர் என்று எதையெதையோ தொங்கவிடுவார்கள். போன வாரம் ஒருவன் கொண்டுவந்ததைப் பார்த்து, இதன் உச்சியில் நட்சத்திரம் வைக்க மறந்துவிட்டாயே, கிறிஸ்துமஸ் இப்போதுதானே முடிந்தது என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

விளக்கும் மாட்டச் சொல்வார்கள். வேண்டாம். முன்பக்கம் கனம் கூடும், உன் தோள் தாங்காது. நீ எளிமையாகத்தானே கேட்டாய்? விளக்கு இல்லாததுதான் எளிமை.

ஹார்லனின் பழைய கார்பைனை உனக்கே கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். நல்ல துப்பாக்கி, லேசானது. ஆனால் கர்ட் சுடக் கற்றது அதில்தான். பன்னிரண்டு வயதில் முதல் முறையாக வேட்டைக்குக் கூட்டிப்போனோம். ஆற்றோரப் புதர் அசைந்தது. அவன் என்ன ஏது என்று பார்க்காமல் குறிவைத்துவிட்டான். நான் பின்னாலிருந்து, “கர்ட்டிஸ் எமில் ஹாக்லண்ட்” என்று கத்தினேன். கல்லாய் நின்றான். விரல் விசையிலிருந்து வெளியே வந்தது. புதரை விலக்கிக்கொண்டு ஹார்லன் வெளியே வந்தார், அவனைப் பெற்ற அப்பா. அன்று மூன்று பேரும் பனியில் உட்கார்ந்து அழுதோம். அந்தத் துப்பாக்கி உனக்கு வேண்டாம். அவன் கை பட்டது எதுவும் உன் வீட்டுக்குள் வரக் கூடாது.

எப்படியும் அது இப்போது என்னிடம் இல்லை. பரோல் அதிகாரி வந்து அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அவன் தங்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கக் கூடாதாம். எல்லாவற்றையும் கடையில் என்னோடு வேலை செய்யும் லைலின் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சுவரில் மாட்டியிருந்த இடமெல்லாம் வெளுத்துத் தெரிகிறது. ஆமாம், அவன் இங்கேதான் வந்து தங்கப்போகிறான். இருக்க இடம் தருகிறேன் என்று யாராவது கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். போட்டேன். நீ கோபப்படுவாய் என்று தெரிந்தேதான் போட்டேன்.

பிரிட்டாவுக்குக் கையுறை பின்னி இதோடு வைத்து அனுப்புகிறேன். ஏழு வயதுக் கை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாமல், கடைக்கு வந்த ஒரு பெண் குழந்தையின் கையை அளந்து பின்னினேன். பெரிதாக இருந்தால் அடுத்த வருடம் போடட்டும்.

கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. கடவுள் துணையிருப்பார்.

கோர்ட் காகிதத்தில் இல்லாவிட்டாலும் இன்னும் உன் மாமியாரான
வெர்னா


பிப்ரவரி 20, செவ்வாய்

அன்புள்ள ரோண்டா,

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. மார்ச் நாலுக்கு அப்புறம் என் வீட்டுத் தபால் பெட்டியை முதலில் திறப்பது நானாக இருக்க மாட்டேன். அதனால் இதுதான் கடைசிக் கடிதம். கவனமாகப் படி.

முதலில் ஒன்று. போன கடிதத்தில் விளக்கு வேண்டாம் என்று எழுதினேன். அது பொய். நாளைக்கே கடைக்குப் போய் விளக்கு மாட்டிக்கொள். குழலுக்குப் பக்கத்தில், இடது கட்டை விரல் எட்டுகிற இடத்தில். கனம் கால் பவுண்டுகூட வராது. உன் தோள் தாங்கும். தாங்காது என்று எழுதினேனே, அதுவும் பொய்தான்.

வீட்டுக் காவலுக்கு என்று வாங்கியவர்கள் யாரையும் விளக்கு இல்லாமல் நான் கடையை விட்டு அனுப்பியதில்லை. ஒரே ஒருவரை அனுப்பினேன். பணம் இல்லை, அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அந்த மாதமே, கொட்டகையில் நுழைந்தது திருடன் என்று நினைத்து இருட்டில் சொந்தத் தம்பியைச் சுட்டார். அதற்கப்புறம் யார் வந்தாலும், விளக்கு இல்லாவிட்டால் துப்பாக்கியும் இல்லை என்று சண்டை போட்டுத்தான் விற்றிருக்கிறேன். லைலைக் கேட்டால் சொல்வான். அப்படிப்பட்டவள் உனக்கு மட்டும் வேண்டாம் என்று எழுதினேன்.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன். எழுதும்போது உன் சமையலறையை மனதில் வைத்துப் பார்த்தேன். இருட்டாக இருந்தால் நீ குறி தவறுவாய், அவன் பிழைத்துக்கொள்வான் என்று தோன்றியது. அதோடு தோள் வலி, கனம் என்று அழகாகக் காரணமும் கட்டினேன். என் பிள்ளை தப்பிக்கட்டும் என்று உன்னையும் குழந்தையையும் இருட்டில் நிற்கவைக்கப் பார்த்தேன், ரோண்டா. நீ இந்த உலகத்தில் யாரையும் நம்பாமல் என்னை நம்பிக் கேட்டாய். ஆறு வாரமாகச் சர்ச்சில் நற்கருணை ரொட்டி வாங்கக் கை நீட்டக் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போயிருந்தேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். முடி முன்பக்கம் ஏறிவிட்டது, அப்படியே ஹார்லன். எந்திரத்தில் காசு போட்டு எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். பைபிள் வகுப்புக்குப் போகிறானாம். வந்ததும் என் கூரையைப் பிரித்துப் போடுகிறேன் என்றான். பிரிட்டா என்ன படிக்கிறாள் என்று கேட்டான். நான் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன். அஞ்சு வருடம் ஒரு மனிதனை மாற்றாதா என்று நினைத்தேன். கிளம்பும் நேரம், கோப்பையைக் கசக்கிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டான்:

“ஏம்மா, அவ நாய் ஏதாச்சும் வளக்கறாளா?”

எனக்கு எப்படிடா தெரியும் என்றேன். அது மட்டும் உண்மையாக இருந்ததால் முகம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சும்மாதான் கேட்டேன் என்று சிரித்தான்.

முந்நூறு மைல் திரும்பி ஓட்டவேண்டும். முதல் நூறு மைல், குழந்தைக்குத் துணையாக நாய் இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பான், பாசத்தில் கேட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு நாயே ஆகாது. உங்கள் பழைய வீட்டில் இருந்த நாய் என்ன ஆயிற்று என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாயைப் பற்றி ஒரு ஆள் எதற்குக் கேட்பான் என்பது கடைக்கு வரும் எந்தப் பண்ணைக்காரருக்கும் தெரியும். காரை ஓரமாக நிறுத்தி, பனிக்காற்றில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுக் காலை முதல் வேலையாகப் பரோல் அதிகாரியைக் கூப்பிட்டு அவன் கேட்டதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். நாய் இருக்கிறதா என்று கேட்பது குற்றமில்லையாம். கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிடட்டுமா என்றேன். வாங்கினால் இன்னும் எட்டு மாதம் உள்ளே இருப்பான், அப்புறம் தண்டனை முடிந்து, யாரும் கேள்வி கேட்க முடியாத ஆளாக வெளியே வருவான் என்றார். இப்போது வந்தால் என் வீட்டில் இருப்பான், வாரம் இருமுறை அதிகாரி வருவார். யோசித்துப் பார்த்து, கையெழுத்தை அப்படியே விட்டுவிட்டேன். என் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும். அவன் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பாவிட்டால் நான் அதிகாரியைக் கூப்பிடுவேன், அவர் உடனே உன்னைக் கூப்பிடுவார். உன் போன் எண்ணை அவரிடம் கொடுத்து வை. என்னிடம் கொடுக்காதே.

எனக்குப் பயமாக இல்லையா என்று நினைப்பாய். இருக்கிறது. அவனுடைய அறைக்குப் புதுப் படுக்கை விரிப்பு வாங்கினேன், என் அறைக்குத் தாழ்ப்பாள் வாங்கினேன். இரண்டும் ஒரே பையில்தான் வந்தன.

நாய் வாங்கு. நன்றாகக் குரைக்கிற நாயாக. கார்பைனைப் பிரிட்டாவின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு திறக்கப் பழகிக்கொள். வாரம் ஒருநாள் சுடப் போ. தோள் வலித்தால் பத்துக் குண்டோடு நிறுத்திக்கொள், ஆனால் போகாமல் இருக்காதே.

இனி நரி என்று எழுத மாட்டேன். அவன் வந்தால் கதவைத் திறக்காதே. என்ன சொல்லி அழுதாலும் திறக்காதே, அவனுக்கு நன்றாக அழ வரும். முதலில் போலீஸ் ஷெரிப்பைக் கூப்பிடு. ஷெரிப் வர நாற்பது நிமிடம் ஆகும் என்று நீ எழுதியிருந்தாய், அது எனக்கு மறக்கவில்லை. அவன் கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டால் விளக்கைப் போடு. முகத்தைப் பார்க்காதே, முகம் உன்னை ஏமாற்றும். கைகளைப் பார். கையில் என்ன இருக்கிறது என்று பார்.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை, அந்தப் பொய்க்கு அப்புறம் சுத்தமாக இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அவனுடைய முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடு. நான் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து, சத்தமாக. கர்ட்டிஸ் எமில் ஹாக்லண்ட். உலகத்தில் நான் ஒருத்திதான் அவனை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு ஆற்றோரத்தில் நின்றான். நிற்பான் என்றுதான் நினைக்கிறேன்.

நிற்காவிட்டால், இரண்டாவது தடவை கூப்பிடாதே.

கையுறை சரியாக இருந்ததா என்று கேட்க ஆசை. பதில் வராது என்பதால் சரியாக இருந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆண்டவன் உன்னையும் பிரிட்டாவையும் காப்பாற்றட்டும். எல்லோரையும் காப்பாற்றச் சொல்லி அவரிடம் கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

இப்படிக்கு,
கர்ட்டின் அம்மா
வெர்னா