மூடிவைத்த பதினோரு கதவுகள்

அன்பு மகன் எவரிஸ்தோவுக்கு,

யூமாவிலிருந்து அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பனி ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்வர வேண்டும் என்பதுதான் என் தினப்படி வேண்டுதல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், சொல்கிறேன், அவசரப்படாதே. மே பிறக்கவில்லை, அதற்குள் இங்கே நூறு டிகிரியைத் தாண்டிவிட்டது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலாம், ஆனாலும் விசாரிக்க ஆள் வந்தால் நன்றாகவே நொண்டிக் காட்டுகிறார். உன் அக்கா நயேலிக்கு உன் மேல் கோபம், மகள் இட்செலின் பிறந்தநாளுக்கு நீ கூப்பிடவே இல்லையாம். இட்செலுக்கு ஏழு வயது முடிந்தது. பள்ளி விட்டு வந்தால் தினமும் தலைவலி என்கிறாள், கண் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போட்டும் குறையவில்லை, ஆனால் சனி ஞாயிறில் வலியே கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போகச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்துபோய் அடுப்பில் பீன்ஸைக் கிளறினேன், அதைக் கிளறவேண்டிய தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் ஏசி மெக்கானிக்காக இருக்கிற, இட்செலும் படிக்கிற எங்கள் பள்ளியை நீ கம்ப்யூட்டருக்குள் கட்டி, சுவர், ஜன்னல், கூரை மேலிருக்கும் பதினான்கு ஏசி பெட்டி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வருடம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டாய், கணக்கு வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாய். "அஞ்சு டன் மெஷினே வேண்டாம்மா, நாலு டன் போதும்" என்றாய். வியாழக்கிழமை அறிக்கை அனுப்புகிறாய், கோடை விடுமுறையில் புதுப் பெட்டிகள் ஏறிவிடும். நானும் சந்தோஷம் என்று சொல்லி போனை வைத்தேன்.

மகனே, பிப்ரவரியில் நீ என்னிடம் ஒன்று கேட்டாயே, நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் சொல்லும் மின்சாரம் பள்ளியின் உண்மையான பில்லைவிட ரொம்ப அதிகமாக வருகிறது, வெளிக்காற்றை உள்ளே விடும் கதவுகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா அம்மா என்றாய். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அது பொய்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஆகஸ்ட், நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. டாலிவர் டீச்சர் படியிறங்கி வந்து, "தெல்ஃபினா, இது வகுப்பா, ரொட்டி சுடுற அடுப்பா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். என் மேலாளர் லூபெர்சியோ, "எதையாவது பண்ணி அந்தம்மா வாயை அடை" என்றார். கூரையில் ஏறி, அந்த வகுப்புக்கான பெட்டியின் வெளிக்காற்றுக் கதவை இழுத்துச் சாத்தி ஒரு ஸ்க்ரூவை முடுக்கினேன். கொதிக்கிற காற்று உள்ளே வராவிட்டால் மெஷினுக்குப் பாரமும் குறைவு, பில்லும் குறைவுதானே, அரை மணியில் அறை ஜில்லென்றாகிவிட்டது. டீச்சர் கேக் கொடுத்தனுப்பினார். அப்புறம் ஒவ்வொரு அறையாகப் புகார் வந்தது, ஒவ்வொன்றாகச் சாத்தினேன், மொத்தம் பதினொன்று. இந்த ஊர்க் கூரைகளில் இப்படிச் செய்யாத மெக்கானிக் இல்லை, ஆனால் அக்டோபரில் ஏறித் திறந்துவிடுவார்கள். நான் அந்த வருடம் நாளை நாளை என்று தள்ளினேன், பிறகு மறந்தே போனேன். ஆறு வருடமாகப் பிள்ளைகள் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மதியத்தில் எல்லாம் தூங்கி விழுகின்றன என்று டீச்சர் போன வருடம் சொன்னபோது, பாடத்தைக் கொஞ்சம் சுவையாக நடத்துங்கள் என்று கிண்டல் செய்தவள் நான்.

நீ கேட்டபோதே சொல்லியிருக்கலாம். நீ ஆபீஸ் குரலில் கேட்டாய், முப்பது வருடம் கூரையில் நின்றவள், பெற்ற மகன் எதிரில் வேலை தெரியாதவளாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், அடுத்த வாரம் நீ சொன்னது. கணக்கு பொருந்தவில்லையே என்று உன் மேலாளர் கேட்டதற்கு, "எங்கம்மா அந்தக் கூரையிலதான் சார் இருக்காங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாயாம். என் பேச்சைக் காப்பாற்ற, சுவர் அவ்வளவு சூடு வாங்காது, அறையில் அவ்வளவு பேர் இல்லை என்று கம்ப்யூட்டரில் குறைத்துப் போட்டு பில்லோடு பொருத்தியிருக்கிறாய். புதுப் பெட்டியில் கதவு திறந்திருக்கும், ஆகஸ்ட் காற்று உள்ளே வரும், பிள்ளைகளும் முழுசாக இருப்பார்கள், நாலு டன் மூச்சு வாங்கும். அப்போது கணக்குப் போட்டது யார் என்றுதான் கேட்பார்கள், கதவைச் சாத்தியது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நேற்று ஏறிப் பதினொன்றையும் போட்டோ எடுத்தேன், பிறகு எல்லா ஸ்க்ரூவையும் கழற்றினேன். ஆபீஸ், நூலகம், சாப்பாட்டு அறை, இந்த மூன்றையும் நான் தொட்டதே இல்லை. லூபெர்சியோவிடம் சொன்னேன். "பென்ஷனுக்கு ரெண்டு வருஷம் இருக்கு, உனக்குக் கிறுக்கா? போய்த் திரும்ப முடுக்கு, மகன்கிட்ட வாயைத் திறக்காதே" என்று கத்தினார். நான் நேரே பள்ளி நிர்வாக அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ தெரியாது, உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் சொன்னால் பரவாயில்லைம்மா என்று நீ அங்கேயே முடித்துவிடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம், விரைவுத் தபாலில், வியாழனுக்குள் வந்துவிடும். போட்டோக்களும் உள்ளே இருக்கின்றன. கணக்கை முதலிலிருந்து போடு, தாமதம் ஆனால் ஆகட்டும்.

அக்காவைக் கூப்பிட்டுப் பேசு. ராத்திரி நேரத்தோடு தூங்கு. கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், நீ நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் மறக்காதே, அறிக்கையில் கதவை மூடியது யார் என்ற இடத்தில் "தெரியவில்லை" என்று போடாதே. உன் மேலாளரிடம் அம்மா சொன்னார்கள் என்று சொன்னாயே, போய் அவரிடமே, அம்மா பொய் சொல்லிவிட்டார்கள் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
தெல்ஃபினா ஒர்துன்யோ