பச்சையாகவே எரியட்டும்

பிப்ரவரி 9, திங்கள்

காலைச் சாப்பாட்டு மேசையிலேயே எலக்ட்ரீஷியன் லாக்லன் ஆரம்பித்துவிட்டான். "ஏசி ரூம் மகாராணி, ஒருநாள் கீழ இறங்கித்தான் பாரேன். மூஞ்சில தூசி பட்டா அழகு குறைஞ்சிடாது." மேசையே சிரித்தது. சுரங்கத்து எலக்ட்ரீஷியன்களுக்கு, நெட்வொர்க் பார்க்கிற நாங்கள் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 10

புகலறையை இன்னும் உள்ளே தள்ளி வைத்துவிட்டார்கள். கீழே தீப்பிடித்தால் ஆட்கள் ஓடிப் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிற இரும்புப் பெட்டி அது. பழைய கேபிள் எட்டவில்லை. எங்கள் நெட்வொர்க் சுவிட்சில் அந்தப் பெட்டிக்கென்றே ஒரு மெய்நிகர் இடைமுகம், அதாவது மென்பொருளில் மட்டும் இருக்கிற ஓர் இணைப்பு வாசல், உண்டு. அதில் மாட்டியிருந்தது பெட்டிக்குள் இருக்கும் ஒரே ஒரு போன். போனின் இணைப்பு அறுந்ததும் இடைமுகமும் படுத்துவிட்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் சிவப்பு, ஓயாத கூவல்.

லாக்லன் நீளக் கேபிள் கேட்டிருக்கிறான். வரவில்லை.

பிப்ரவரி 12

மேலாளர் நெவில் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"அந்தச் சனியனை நிறுத்து கெரின். நாளைக்கு பெர்த் ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க வராங்க. பலகை பூரா பச்சையா இருக்கணும்."

"போனே மாட்டலியே?"

"போனை யாரு கேட்டா? பச்சைதான் கேட்டேன்."

ஒரே ஒரு கட்டளைதான். எதுவும் மாட்டாவிட்டாலும் இடைமுகம் உயிரோடு இருப்பதாகப் பலகை பச்சை காட்டும். போட்டேன்.

பிப்ரவரி 13

லாக்லன் எட்டிப் பார்த்தான். "புகலறை பச்சையாயிடுச்சே. நைட் ஷிஃப்ட்காரனுங்க கேபிள் இழுத்துட்டானுங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமைச் சிரிப்பு காதிலேயே இருந்தது. "பச்சைன்னா பச்சைதான். கண்ணு தெரியலியா?" என்றேன். கேட்டிருந்த கேபிளை வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். கொஞ்சம் அசடு வழியட்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 14

சொல்லவில்லை.

பிப்ரவரி 17

கீழே லாரி எரிந்தது. லாக்லனும் ஓட்டுநர் டவிட்டாவும் மேலே வரவில்லை. "புகலறை லைன் பச்சையா இருக்கு. உள்ள இருந்தா போன் பண்ணிருப்பானுங்க" என்று, தானே பச்சையாக்கச் சொன்னதை மறந்தவர்போல, நெவில் மீட்புக்காரர்களை லாரிகள் மேலேறி வருகிற சரிவுப் பாதைப் பக்கம் தேட அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏன்டி திறக்கல? வேலை போயிடும்னா?

புகலறையைக் கடைசியாகத்தான் திறந்தார்கள். லாக்லன் உயிரோடு இருந்தான். புகை குடித்த டவிட்டா அவன் மடியிலேயே செத்துக் கிடந்தான். லாக்லன் கையில் போன்.

பிப்ரவரி 26

கம்பெனி அறிக்கை வந்துவிட்டது. லைன் முழு நேரமும் இயங்கியது. லாக்லன் பதற்றத்தில் போனைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. கேபிள் இருந்ததா இல்லையா என்று பார்க்கத் தீ எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவனுக்கு வேலை போயிற்று.

விமானத்துக்குப் போகுமுன் பையோடு வந்தான். மகாராணி என்று கூப்பிடவில்லை. "கெரின், நான் அந்தப் போனைக் கீழயே வைக்கல. அவன் மூச்சு நிக்கிறவரைக்கும் கத்திக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லேன்."

"பச்சையாத்தான் இருந்துச்சு" என்றேன். பொய்யில்லை.

மார்ச் 3

புதுப் புகலறை இறக்கிவிட்டார்கள். போன் இன்னும் மாட்டவில்லை. அந்தக் கட்டளையை இன்று எடுத்தேன். பலகை சிவந்து கூவியது. நெவில் வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார்.

திரும்பப் போட்டுவிட்டேன்.