இமையில் மாட்டிய கொக்கி

1999 பிப்ரவரி 9, செவ்வாய்

என் மனைவி சரசுவின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் காவிரிக்கரை முகாமில் சீசன் தொடங்குகிறது. மீன்பிடிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நான்தான் வழிகாட்டி. மழைக்காலம் முழுக்கத் தூண்டிலைத் தொடவில்லை என்பதால், காலையில் ஆஸ்டின் டவுன் வீட்டு மொட்டை மாடியில் வீசிப் பழகினேன். பழகும்போது நூல் நுனியில், மீனை ஏமாற்ற இறகு கட்டிய கொக்கி இருக்கக் கூடாது. கழற்ற மறந்துவிட்டேன். சரசு துணி காயப்போட மேலே வந்ததையும் நான் கவனிக்கவில்லை. நூலைப் பின்னால் வீசியதும் எதிலோ மாட்டியது. கொடிக்கயிறு என்று நினைத்து இழுக்கப் போனேன்.

"இழுக்காதீங்க, என் கண்ணுல இருக்குது" என்றாள், சத்தமே போடாமல்.

நூலை அறுத்துவிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி முழுக்க அவள் என் சட்டையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிப் பயந்ததில்லை. கொக்கி மேலிமையின் தோலோடு நின்றிருந்தது, கண்ணைத் தொடவில்லை. அதை எடுத்த பிறகு டாக்டர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "மூணு" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பும்போது, "இந்த வருஷம் நான் போகல, சரசு" என்றேன்.

"போயிட்டு வாங்க. வீட்ல இருந்தா இன்னொரு கண்ணும் போயிடும்."

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். சரசுவும் சிரித்தாள், உடனே வலியில் முகத்தைச் சுளித்தாள். இப்போது நன்றாகத் தூங்குகிறாள். எனக்கும் தூக்கம் வருகிறது.