சீமாட்டியின் அப்பா

ரக்ஷிதாவின் அப்பாவுக்கு,

நேரில் சொன்னால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஸ்கூலில் பழைய இங்கிலாந்து நாடகம் போட்டார்கள். யார் பிரபு, யார் கூலி என்று சீட்டுக் குலுக்கியதில் நம் மகளுக்குக் கூலிக்காரி வந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான். உங்களுக்குத்தான் மானம் போய்விட்டது. டீச்சருக்கு விடாமல் போன் போட்டு அவளைச் சீமாட்டி ஆக்கினீர்கள். என்ன சாமர்த்தியம்!

அந்தக் காலத்தில் பெரிய மனிதர்களைக் கண்டால் கூலியாள் தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டுமாம். நேற்று மேடையில் நம் மகள் முன்னால் அப்படிக் குனிந்தவன் உங்கள் மேனேஜர் சேதுமாதவனின் பையன். அவர் முன்வரிசையில் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தார். நீங்கள்தான் எழுந்து ஓடினீர்கள். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று அத்தனை பேர் பார்க்க இடுப்பை வளைத்தீர்கள். அது போதாதென்று மேடையைப் பார்த்து, "பாப்பா, எந்திரி! தம்பிக்கு வணக்கம் சொல்லு!" என்று கத்தினீர்கள். பட்டுக் கவுனோடு அவள் அழுதாள்.

அல் குசைஸில் நம் வீடு வரும்வரை காரில் அவள் அழுதுகொண்டே வந்தாள். சார் கோபித்துக்கொண்டாரா என்பதுதான் உங்கள் கவலை.

வீட்டுக்கு வந்து கவுனைக் கழற்றும்போது என்னிடம் கேட்டாள்: "அம்மா, அந்தப் பையனுக்கு மிஸ் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பாவுக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளை, கொஞ்சம் குனிந்துதான் பேச வேண்டும். உங்களுக்கா கஷ்டம்?

இப்படிக்கு,
கூலிக்காரியின் அம்மா