கிளம்புடி

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மாவின் முட்டிவலியும் உன் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம், கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, பயப்படாதே.

பண்ணை முதலாளி காயலான் கடையிலிருந்து ஒரு பழைய டிராக்டரை வாங்கி வந்து என் தலையில் கட்டிவிட்டார். ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டீசல் டாங்கைக் கழுவி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்துப் புதுப்பெண் மாதிரி நிறுத்தினேன். சாவியைத் திருப்பினால் இருமுகிறதே தவிர கிளம்பவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கும் உன் ஞாபகம் வந்து, "நேரமாச்சு, கிளம்புடி!" என்று கத்திவிட்டேன். உடனே கிளம்பிவிட்டது. நீ ஒருநாளும் அப்படிக் கிளம்பியதில்லை.

நம் பாஷை தெரியாத முதலாளி அதை ஏதோ மெக்கானிக் வார்த்தை என்று நினைத்துக்கொண்டார். இப்போது பண்ணையில் எல்லோரும் "கிளம்புடி" சொல்லித்தான் சாவியைத் திருப்புகிறார்கள்.

"நிறுத்துறதுக்கு என்ன சொல்லணும்?" என்று முதலாளி கேட்டார்.

"அதுக்கு எங்க வீட்டுல வார்த்தையே இல்லைங்க" என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் சொல்லி வைத்தேன்.

என் பனியன்கள் எல்லாம் எஞ்சின் துடைக்கப் போய்விட்டன. நாலு வாங்கி அனுப்பு. அனுப்புமுன் நம் வீட்டு சோப்பில் ஒருமுறை துவைத்துவிடு. இங்கே துவைத்தால் அந்த வாசனை வருவதில்லை.

லீவு கேட்டு மாதக்கணக்காகிறது. இன்று காலை முதலாளி என் தோளைத் தட்டி, சிரித்துக்கொண்டே "கிளம்புடி" என்றார். ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துவிட்டேன்.

இதை எழுதும்போதே வெளியே ஹாரன் அடிக்கிறார். உழத்தான் கூப்பிட்டிருக்கிறார் போலிருக்கிறது. போகிறேன். பெட்டியை மட்டும் இன்னும் உள்ளே தள்ளவில்லை.

உன் வீட்டுக்காரன்