முருகேசனுக்கு நான் எழுதிய வாழ்த்துமடல்

12-3-1996, செவ்வாய்

இன்று காலேஜில் முருகேசனுக்குப் பாராட்டு விழா, அவன் செய்யும் சேவைக்காக. எங்கள் துறையில் எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். வாழ்த்துமடலை என்னைத்தான் எழுதச் சொன்னார் பிரின்சிபால். "உங்க தமிழ் நல்லா இருக்குமுங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

பாடத்திட்டக் குழுவில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். விடைத்தாள் திருத்தப் போகாத வருஷமே கிடையாது. அதையெல்லாம் யார் போட்டோ எடுப்பார்கள்? அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பொள்ளாச்சிப் பக்கம் போய்த் தோட்டத்துக் கிணற்று மோட்டார்களைக் காசு வாங்காமல் பழுது பார்த்துக் கொடுக்கிறான். பேப்பரில் படமே வந்துவிட்டது.

அதனால் மோட்டார் விஷயத்தை ஒரே வரியில் முடித்தேன். வேண்டுமென்றேதான். பாடத்திட்டக் குழுவுக்கு அவன் வந்த நாலு கூட்டத்தை ஒரு பக்கத்துக்கு இழுத்தேன்.

மேடையில் நானே படித்தேன். இளநீர்க் குலையோடு வந்திருந்த தோட்டத்துக்காரர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். படித்து முடித்ததும் அதில் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, எங்க மோட்டாரெல்லாம் புகையாம ஓடுறதே இவராலதானுங்க. அதை உட்டுப்போட்டீங்களே?"

ஹாலே என்னைப் பார்த்தது. முருகேசன் சட்டென்று மைக்கை வாங்கினான்.

"சார் நெறைய எழுதியிருந்தாருங்க. நான்தான் வேண்டாம்னு கெஞ்சி எடுக்கச் சொன்னேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் சேர்த்துத்தான்.

அவன் என்னிடம் எதையும் கெஞ்சவில்லை. மேடையில் நான் படிக்கும்வரை மடலை அவன் பார்த்ததுகூட இல்லை. அவன் வாங்கிய பொன்னாடையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னைக் காப்பாற்றிவிட்டானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.